அண்டர் என்றால் கீழே

தலையாட்டிவிட்டேன். போதாததற்குத் தேங்க் யூ என்று வேறு சொல்லிவிட்டேன். அந்தப் பெண் டாக்டர் என் தோளில் கை வைத்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, நாலைந்து வாக்கியம் சொன்னாள். சின்னப் பெண், எங்கள் மகள் செண்பகாவை விட இளையவளாக இருப்பாள். சொல்லி முடித்து, ஓகே? என்று கேட்டாள். யெஸ், தேங்க் யூ என்றேன். அவள் நீலக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு இரண்டு தடவை ஆடி நின்றது. நின்ற பிறகுதான் அவள் சொன்னது என் காதிலிருந்து உள்ளே இறங்கத் தொடங்கியது. ஹி கேம் டூ ஃபார் எ பிட், தென் ஹி வென்ட் ஆஃப் அகெய்ன், ஸோ வீ ஹேவ் புட் ஹிம் அண்டர். அப்புறம், தே ஆர் கோயிங் இன் நவ். எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தை. கேம், வந்தார். டூ, இடத்துக்கு. எந்த இடத்துக்கு? டூ என்றால் அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும், டூ தி ஸ்கூல், டூ தி மார்க்கெட். ஒன்றும் இல்லாமல் வந்தார் இடத்துக்கு என்று வாக்கியத்தை நிறுத்தினால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். கேம் டூ. கொஞ்ச நேரம் எங்கேயோ வந்தார். பிறகு மறுபடி ஆஃப் போனார். அதனால் அவரை அண்டர் வைத்துவிட்டோம். அண்டர் என்றால் கீழே. எதற்குக் கீழே? நான் ஏன் தேங்க் யூ சொன்னேன்? எதற்கு நன்றி சொன்னேன்?

பெஞ்சு இல்லை, சுவரோடு திருகி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் இருக்கிற ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மத்தியானம்தான், ஆனால் இந்த ஊர் மத்தியானத்துக்கு வெளிச்சம் கிடையாது, ஜன்னலில் ஈரத்துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. ஆம்புலன்ஸிலிருந்து இறங்கியதும் கவுண்டரில் கேட்டார்கள், என்ன மொழி, இன்டர்பிரெட்டர் வேண்டுமா, போனிலேயே ஏற்பாடு செய்வோம் என்று. நோ நீட், ஐ ஆம் ஆன் இங்கிலீஷ் டீச்சர் என்றேன். ரிட்டயர்டு என்பதைக்கூடச் சேர்க்கவில்லை. அந்தப் பதட்டத்திலும் கழுத்தை நிமிர்த்திச் சொன்னேன், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓ லவ்லி என்றார்கள். எப்படிச் சொல்லாமல் இருப்பேன். கோவில்பட்டியில் கடைக்குப் போனாலும் டீச்சர், பஸ்ஸில் ஏறினாலும் டீச்சர். இவர் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக வந்தவர், தெருவில் யாராவது இங்கிலீஷில் ஏதாவது வந்தது என்று தூக்கிக்கொண்டு வந்தால், உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். ஏ டீச்சர், இங்க ஒரு ஆளு மாட்டிக்கிட்டு முழிக்காரு, கொஞ்சம் வந்து காப்பாத்து. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அதற்கென்றே ஒரு கேள்வி வரும். கோடிட்ட சொல்லுக்குப் பதில் ஃப்ரேஸல் வெர்ப் எழுதுக. பிள்ளைகளைப் பாட்டாகச் சொல்ல வைப்பேன். புட் ஆஃப், போஸ்ட்போன். கால் ஆஃப், கேன்சல். லுக் ஆஃப்டர், டேக் கேர். புட் அப் வித், டாலரேட். வகுப்பு முழுக்கத் தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லும், மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். புட் என்று தொடங்குகிறவை மட்டும் அரைப் பக்கம். புட் ஆன், புட் அவுட், புட் அவே. அரைப் பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு இப்போது சொல்லிப் பார்க்கிறேன். அண்டர் இல்லை. அந்த அரைப் பக்கத்தில் புட் அண்டர் இல்லை.

நான் பேப்பர் திருத்துகிற ராத்திரிகளில் இவர் எதிரே கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டே கேட்பார். புட்னா வை. அப்னா மேல. வித்னா கூட. வை, மேல, கூட. இதுல பொறுமை எங்கேருந்து டீச்சர் வந்துச்சு? அதெல்லாம் அப்படித்தான், தனித்தனியா இருக்கிற வரைக்கும் ஒரு குணம், சேர்ந்துட்டா வேற குணம் என்பேன். அப்ப கல்யாணம் மாதிரின்னு சொல்லு என்பார். அவராகச் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும், கணக்குத் தப்பிவிடும், மறுபடி முதலிலிருந்து மதிப்பெண் கூட்ட வேண்டும். இப்போது யாராவது அந்தச் சிரிப்பை நீலக் கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு தரம் கேட்கச் செய்தால் போதும். நான் இந்தச் சுவரில் இப்படியே சாய்ந்துகொண்டு சாயங்காலம் வரை காத்திருப்பேன்.

நேற்று ஒன்றுமே இல்லை. நேற்று காலை பின்கதவைத் திறந்து குப்பைப் பையைப் போடப் போனார், படியில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி இருந்திருக்கிறது, தெரியவில்லை, காலை வாரிவிட்டது. தொம்மென்று கேட்டு ஓடினேன். உட்கார்ந்திருந்தார். காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு, போஸ்ட் மரத்துல ஏறி இறங்கினவனை உன் மக வீட்டுப் படி தள்ளிவிட்டுருச்சு பாரு என்றார். ரத்தம் இல்லை. வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. தைலம் தேய்த்தேன். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார். செண்பகா ஆபீஸ் வேலையாக லிஸ்பனிலிருந்து போன் பண்ணினபோதுகூட, சொல்லாதே, பயந்துக்குவா என்று எனக்குச் சைகை காட்டினார், நானும் சொல்லவில்லை. இன்று எழுந்ததிலிருந்து தலைவலி என்றார். இரண்டு தடவை வாந்தி. பிறகு சோபாவில் உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, லைனை ஆஃப் பண்ணியாச்சா என்று கேட்டார். எந்த லைன்? என்னங்க, எந்த லைன்? வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் கதவைக் கையால் அடித்தேன், அவர்தான் ஆம்புலன்ஸை வரவழைத்தார். என் போன் செண்பகா வீட்டு வைஃபையில் மட்டும் உயிரோடு இருக்கிற போன், இங்கே அது ஒரு கைக்கண்ணாடி, அவ்வளவுதான். இந்த ஊர் நம்பர் போட்டுத் தந்த இன்னொரு போன் அடுப்பு மேடையிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் இந்நேரம் அகராதி பார்த்திருப்பேன். கவுண்டரில் செண்பகா நம்பருக்கு அடித்துப் பார்த்தார்கள், அவள் விமானத்தில் இருக்கிறாள், திரும்பி வந்துகொண்டிருக்கிறாள், வாய்ஸ்மெயிலில் சொல்லி வைத்தார்கள். அவள் இறங்கிப் போனைத் திறந்து அதைக் கேட்பாள். ஓடி வருவாள். வந்து, என்னம்மா சொன்னாங்க என்று கேட்பாள். என்ன சொல்வேன்? அண்டர் வைத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள் செண்பகா, அதற்கு நான் தேங்க் யூ சொன்னேன்.

வென்ட் ஆஃப் எனக்குத் தெரியும். அது பாடத்திலேயே இருக்கிறது. தி பாம் வென்ட் ஆஃப், வெடித்தது. தி லைட்ஸ் வென்ட் ஆஃப், அணைந்தது. பால் கெட்டுப்போனாலும் வென்ட் ஆஃப்தான், இங்கே வந்து செண்பகாவிடம் கற்றுக்கொண்டேன், ஃப்ரிட்ஜைத் திறந்து முகர்ந்து பார்த்து, அம்மா மில்க் ஹேஸ் கான் ஆஃப் என்பாள், அப்படியே சிங்க்கில் கொட்டிவிடுவாள். வெடித்தார், அணைந்தார், கெட்டுப்போனார். மூன்றில் எது? மூன்றில் எதையாவது நான் மனிதனுக்குச் சொல்ல முடியுமா? அணைந்தார் என்றால் அணைந்தாரா, ஒரேயடியாகவா? ஆனால் அகெய்ன் என்றாளே. மறுபடியும் என்றால் முன்னாடி ஒரு தடவை அணைந்து, திரும்ப எரிந்து, மறுபடி அணைந்திருக்கிறார். கரண்ட்டைப் போல. இவர் டியூட்டியில் இருந்த காலத்தில் ராத்திரி ஊரே இருட்டாகிவிட்டால் ஜன்னலில் வந்து கேட்பார்கள், அண்ணாச்சி கரண்டு எப்ப வரும்? போனதுக்கு வரத் தெரியும் போங்கப்பா என்பார். வந்தும்விடும். ஆனால் அதற்கடுத்து ஸோ என்றாள். ஸோ என்றால் ஆகையினால். ஆகையினால் அவரை அண்டர் வைத்துவிட்டோம். ஆகையினால் என்ற சொல் வந்த பிறகு நம்பிக்கைக்கு எங்கே இடம்? வந்தார், போனார், ஆகையினால் கீழே வைத்தோம். நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண்ணுக்கு முன்னால் பள்ளம் தெரிகிறது. நாங்கள் எரிக்கிறவர்கள், இவர்கள் புதைக்கிறவர்கள். அண்டர் என்ற சொல் இவர்களுக்கு மண்ணிலிருந்து வந்திருக்கும். சாவை யாரும் சாவு என்று சொல்வதில்லை, நாமும்தான் சொல்வதில்லை, காலமானார் என்கிறோம், தவறிட்டார் என்கிறோம், இயற்கை எய்தினார் என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். தமிழ் தெரியாத ஒருத்தி கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால், உன் புருஷன் தவறிட்டார் என்று அவளிடம் சொன்னால், எங்கே தவறு, யார் செய்த தவறு என்று என்னைப் போலத்தான் பிய்த்துப் பிய்த்துப் பார்ப்பாள். அப்படி ஒரு மெதுவான சொல்லாகத்தான் இது இருக்கும். இல்லாவிட்டால் அவள் ஏன் தோளில் கை வைத்தாள்? ஏன் குனிந்தாள்? நல்ல செய்தி சொல்கிறவர்கள் நிமிர்ந்து நின்றல்லவா சொல்வார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். ஹேங் ஆன் இன் தேர், லவ். ஹேங் என்றால் தொங்கு. தொங்கு, அங்கே உள்ளே, அன்பே. ஸ்ட்ரெச்சர் தள்ளிய போர்டர், ஆம்புலன்ஸ்காரர், கவுண்டர்காரி, எல்லாரும் என்னை அன்பே என்கிறார்கள், என் புருஷன் ஒரு நாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுந்து போய்க் கேட்டால் என்ன? கவுண்டர் அதோ இருக்கிறது. சிவப்பு முடி நர்ஸ் ஒருத்தி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், என் வயதுதான் இருக்கும், சட்டையில் ட்ரேஸி என்று அட்டை குத்தியிருக்கிறது. எழுந்தேன். வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். எக்ஸ்கியூஸ் மீ, வாட் இஸ் தி மீனிங் ஆஃப் புட் அண்டர்? நாக்கு வரைக்கும் வந்தது. வந்த இடத்தில், என் வகுப்பில் பின் பெஞ்சில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி என்னை நானே பார்த்தேன். அது வெட்கம்தான், ஆனால் வெட்கம் மட்டும் இல்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். இப்போது இந்தக் கணத்தில் அவர் இருக்கவும் இருக்கிறார், இல்லாமலும் இருக்கிறார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத வரைக்கும் அவர் உள்ளே படுத்துக்கொண்டிருக்கிறார். அர்த்தம் வந்தால் ஒன்று நின்று ஒன்று போய்விடும். நான் கேட்கிற கேள்வியால்தான் அவர் சாகப் போகிறார் என்பது போல இருந்தது. ட்ரேஸி நிமிர்ந்து பார்த்து, யூ ஆல்ரைட், லவ்? என்றாள். டாய்லெட் எங்கே என்று கேட்டேன். கையைக் காட்டினாள். போனேன். கண்ணாடியில் ஒரு கிழவி, பொட்டு இருக்கிறது. பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர், பக்கத்துக் குழாயில் பனிக்கட்டித் தண்ணீர், இந்த ஊரில் இரண்டும் சேர்ந்து வராது. சுட்ட கையோடு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

கோயிங் இன். அதை விட்டுவிட்டேனே. தே ஆர் கோயிங் இன் நவ். அவர்கள் உள்ளே போகிறார்கள். யார் அவர்கள்? எதற்குள்? அறைக்குள் என்றால் அதற்கு எதற்கு நவ்? முன்னாடியே உள்ளேதானே இருக்கிறார்கள். பெரிய டாக்டர்கள் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கா? ஊரில் அப்படித்தான், போன பிறகு பெரிய டாக்டர் வந்து கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வருவார். இல்லை, இல்லை. அதுதான் என்றால் என்னை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். முகத்தையாவது பார்க்க விட்டிருப்பார்கள். பார்க்க விடுவார்களா இங்கே? அதுகூட எனக்குத் தெரியாது. இந்த ஊரில் ஆள் இறந்தால் என்ன செய்வார்கள் என்று செண்பகாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை, யார் கேட்பார்கள், பேரப்பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவோம் என்று வந்தவர்கள். விசாவுக்குப் போனபோது இவர் புதுச்சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட மறுத்தார், மூச்சு முட்டுது டீச்சர் என்றார். போடுங்க என்றேன். போட்டார். மூச்சு முட்டுகிறது என்றாரே. இப்போது மூச்சு. இந்த நினைப்பை எங்கே தள்ளுவேன், எந்தப் பக்கம் தள்ளினாலும் அது இங்கேதான் வந்து நிற்கிறது, கீழே, கீழே, கீழே. முருகா. கதிரேசன் கோயில் மலையில் ஏறி வருகிறேன், வெறுங்காலோடு வருகிறேன், ஒரு சொல், ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் கொடு, நல்ல அர்த்தமாகக் கொடு.

நீலக் கதவு திறந்தது. டாக்டர் இல்லை. வேறு யாரோ ஒருவர் ட்ரேஸியிடம் ஒரு பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் பை. ட்ரேஸி அதைக் கையில் ஏந்திக்கொண்டு என்னை நோக்கி வருகிறாள். மெதுவாக வருகிறாள். பைக்குள் செண்பகா வாங்கிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர். மடிக்கவில்லை, நடுவில் நீளமாகக் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள். வேட்டி இல்லை, பேண்ட். பெல்ட். வாட்ச். கைக்கயிறு, திருச்செந்தூரில் கட்டிய கயிறு, அதையும் வெட்டியிருக்கிறார்கள். தீஸ் ஆர் ஹிஸ் திங்ஸ், லவ் என்றாள். இது புரிந்தது. இதில் ஒரு வார்த்தைகூடப் பாக்கியில்லாமல் புரிந்தது. இவை அவருடைய பொருட்கள். என் அப்பாவின் பொருட்களை அப்படித்தான் கொடுத்தார்கள், மூக்குக்கண்ணாடியும் வேட்டியும், ஒரு மஞ்சள் பையில். கை நீட்டி வாங்கினேனா, அவளே என் மடியில் வைத்தாளா, தெரியவில்லை. மடியில் இருக்கிறது. ஸ்வெட்டரில் தைலம் மணக்கிறது. யூ பேரிங் அப்? என்று கேட்டாள். பேர் என்றால் தாங்கு. அப் என்றால் மேலே. மேலே தாங்குகிறாயா? எதை? இன்னும் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் நீங்கள், மேலே, கீழே, உள்ளே, வெளியே, இத்தனை சின்னச் சின்ன வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தீர்கள்?

டெட்? என்றேன். என் குரல் இல்லை அது. கூடமே திரும்பிப் பார்த்தது. எழுந்து நிற்கிறேன், பை கீழே விழுந்து வாட்ச் தரையில் உருண்டது. மை ஹஸ்பெண்ட். டெட்? அலைவ்? டெல். யெஸ் ஆர் நோ. எழுவாய் இல்லை, வினைச்சொல் இல்லை, துணைவினை இல்லை. முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் என்னிடம் மிச்சமில்லை. ட்ரேஸியின் முகம் வெளுத்துப்போனது. ஓ மை லவ், நோ, நோ என்று என் இரண்டு கைகளையும் பிடித்தாள். ஹி இஸ் நாட் டெட். ஹி இஸ் அலைவ். அலைவ். பிறகு எனக்குப் புரிகிறதா என்று முகத்தைப் பார்த்து, தன் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்து காட்டினாள், சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது மாதிரி. ஸ்லீப். மெடிசின் ஃபார் ஸ்லீப். பிறகு காதுக்குப் பின்னால் விரலால் கோடு போட்டாள். ஆபரேஷன். பிளட், ஹியர். டேக் தி பிளட் அவுட். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அண்டர் என்றால் மயக்கத்துக்குக் கீழே. கோயிங் இன் என்றால் தலைக்கு உள்ளே. வென்ட் ஆஃப் என்றால் நினைவு போனது. கேம் டூ என்றால் தன் நினைவுக்கு. தன் நினைவுக்கு வந்தார், கொஞ்ச நேரம் வந்தார், நான் இங்கே உட்கார்ந்திருந்தபோது அவர் அங்கே கண் திறந்து யாரையோ பார்த்திருக்கிறார், ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை, ஒரு பேச்சும் தெரிந்த பேச்சு இல்லை. அப்போதுதான் அழுதேன். ட்ரேஸி கீழே குனிந்து வாட்சையும் கயிற்றையும் பொறுக்கிப் பையில் போட்டாள். இன்டர்பிரெட்டர்? என்றாள். யெஸ் என்றேன். ப்ளீஸ். ஐ நீட்.

இன்டர்பிரெட்டருக்குப் போன் போட்டார்கள், தமிழ் ஆள் கிடைக்க நேரமாகும் என்றார்கள். ஆள் கிடைப்பதற்குள், இரண்டு மணி நேரம் கழித்து, அந்தப் பெண் டாக்டரே வந்துவிட்டாள். தலையில் இன்னும் ஆபரேஷன் துணித்தொப்பி, நெற்றியில் அதன் அச்சு. வெல், ஹி இஸ் என்று தொடங்கினாள். கையைத் தூக்கி நிறுத்தினேன். வகுப்பில் நிறுத்துவது போலத்தான் நிறுத்தினேன் என்று நினைக்கிறேன், அவள் பேச்சு நின்றது. டாக்டர், ஸ்மால் வேர்ட்ஸ் ப்ளீஸ், ஸ்லோ என்றேன். அவள் ட்ரேஸியைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து என் முன்னால் வைத்தாள். ஹி இஸ் அலைவ். தி ஆபரேஷன் இஸ் ஃபினிஷ்ட். தேர் வாஸ் எ லாட் ஆஃப் பிளட். வீ டுக் இட் அவுட். நவ் வீ வெயிட். வில் ஹி நோ மீ? என்று கேட்டேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. ஐ டோண்ட் நோ என்றாள். புரிந்தது. முழுசாகப் புரிந்தது. இன்று இவர்கள் சொன்னதிலேயே இவ்வளவு தெளிவாக எனக்குப் புரிந்தது இதுதான். எனக்குத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்கிறாள். இதற்கு முன்னால் இருந்த பயத்துக்கு உருவம் இல்லை, இதற்கு உருவம் இருக்கிறது. அவர் கண் திறந்து என்னைப் பார்ப்பார், நான் யாரோ ஒருத்தியாக நிற்பேன். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம், அதில் ஒன்றுகூட அந்தக் கண்ணில் இருக்காது. அப்படியும் உண்டு என்கிறாள். சரி. யெஸ் என்றேன். இந்தத் தடவை தேங்க் யூ சொல்லவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வேறு ஒரு மாடி. நிறைய மிஷின்கள், நிறையச் சத்தம், யாரும் அவசரப்படாத இடம். இவருடைய தலையில் பாதியை மழித்திருக்கிறார்கள். கட்டு பெரிதாக இருக்கிறது, அதற்குக் கீழே முகம் சின்னதாக, பள்ளிக்கூடத்துப் பையன் முகம். கட்டிலுக்கு ஒரு பக்கம் வேறொரு நர்ஸ், கறுப்பினப் பெண், என்னை உட்காரச் சொன்னாள். டாக் டு ஹிம் என்றாள். பேசு, அவரிடம். என்ன பேசுவது? என்னங்க என்றேன். மூச்சு மேலும் கீழும் போகிறது, அவருடைய மூச்சுதான், மிஷினுடையது இல்லை. என்னங்க, நாந்தான். பேசிக்கொண்டே இருந்தால் நல்லது என்று பட்டது, எதையாவது. செண்பகா வந்துக்கிட்டு இருக்கா. நேத்து நீங்க விழுந்தீங்க. தலையில அடி. ஆபரேஷன் ஆயிருச்சு. நல்லபடியா ஆயிருச்சு. குளுருதா? கையைத் தாங்க. கையைப் பிடித்தேன், உள்ளங்கையில் பழைய காய்ப்பு அப்படியே இருக்கிறது. ஜன்னலில் வெளிச்சம் முழுக்கப் போய் எதிர்க் கட்டடத்து விளக்குகள் எரிய ஆரம்பித்தன. பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ இருமல். தொண்டை வறண்டு நான் பேச்சை நிறுத்தியபோது இமை அசைந்தது. நர்ஸ் எழுந்து நின்றாள். கண் திறந்தது. கூரையைப் பார்த்தது. விளக்கைப் பார்த்தது. என்னைத் தாண்டி நர்ஸைப் பார்த்தது, திரும்பி என்மேல் வந்து, நின்று, என் முகத்தில் எதையோ தேடியது. தேடட்டும். நான் அசையவில்லை. உதடு ஒட்டிக்கிடந்தது, பிரிந்தது. சத்தமே இல்லாத குரலில், கடைக்குப் போன நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்பாரே, அப்படி, வந்துட்டியா என்றார்.

கண் மறுபடி மூடிக்கொண்டது. மூச்சு போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் மிஷினைப் பார்த்தாள், சிரித்தாள், என் பக்கம் திரும்பினாள். வாட் டிட் ஹி ஸே? என்றாள். வாட் டஸ் இட் மீன்? சொல்ல வாயெடுத்தேன். வந்து, கேம். விட்டாயா, அதைத் தனியாக எடுத்தால் லெஃப்ட் என்றுதான் வருகிறது. கேம், லெஃப்ட், அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. வந்தாய், விட்டாய். இதை இவளுக்கு எப்படிச் சொல்வேன், விட்டதும் இல்லை, போனதும் இல்லை, இரண்டும் சேர்ந்தால் வேறு குணம் என்று எப்படிச் சொல்வேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு.

ஹி நோஸ் மீ என்றேன்.